சிதறிய ஏடுகளும் ஒருமித்த காட்சியும்

தனித்தனியே கிடக்கும் செய்திகளை ஒன்றுகூட்டி முழு உண்மையைக் காண்பது மாந்தர் அறிவின் பழைய தொழில்களுள் ஒன்று. வானநூலார் பல இரவுகளின் குறிப்புகளைச் சேர்த்துக் கோள்களின் வழியைக் கண்டனர். வரலாற்றாசிரியர் ஓரூரின் கல்வெட்டையும் மற்றோரூரின் செப்பேட்டையும் ஒப்பவைத்து மன்னர் காலத்தைத் துணிந்தனர். இந்நாளில் இத்தொழிலைக் கணினி நொடிப்பொழுதில் செய்கிறது. பல அட்டவணைகளில் பிரிந்து கிடக்கும் தரவுகளை இணைத்து, ஒரே அட்டவணைபோலக் கண்முன் நிறுத்தும் அமைப்பினைக் கணினித் துறையார் 'வியூ' என்பர். தமிழில் அதனைக் 'காட்சி' என்று வழங்கலாம்.

இக்காட்சி எவ்வாறு அமைகிறது, எங்கே உண்மையைக் காட்டுகிறது, எங்கே ஓசையின்றி ஆளை மறைத்துவிடுகிறது என்பன வல்லுநர் மட்டுமே அறிய வேண்டியவை அல்ல. உதவித்தொகையும் மானியமும் ஓய்வுக்காலச் சேமிப்பும் இத்தகைய பட்டியல்களைக் கொண்டே முடிவாகும் காலம் இது. பட்டியலில் பெயருள்ளவர் பெறுகிறார், பெயரில்லாதவர் பெறுவதில்லை. ஆதலின் பட்டியல் பிறக்கும் விதத்தைக் குடிமக்கள் யாவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நன்று.

தோட்டத்துக் கணக்கில் ஒரு பாடம்

மலாக்கா மாநிலத்து அலோர் காஜா மாவட்டத்தில் உள்ளது மஸ்ஜித் தானா. அதுபோன்ற வட்டாரங்களில் ரப்பர்த் தோட்ட வாழ்வை அறிந்தவர்க்கு இக்கருத்து முற்றிலும் புதியதன்று. விடியுமுன் பிரட்டுக் களத்தில் ஆள்கணக்கு எடுக்கப்படும். வந்தவர் யார், வராதவர் யார் என்பது செக்ரோல் எனப்படும் புத்தகத்தில் ஏறும். பின்னர், பால் கொட்டகையில் ஒவ்வொருவர் கொணர்ந்த பாலும் நிறுக்கப்பட்டு வேறொரு புத்தகத்தில் பதியப்படும். இடையில் வாங்கிய முன்பணம் மற்றொரு புத்தகத்தில் இருக்கும். மாத முடிவில் கிராணியார் இவற்றையெல்லாம் மேசைமேல் விரித்து, ஒவ்வொரு தொழிலாளியின் எண்ணையும் தேடி, வரிவரியாய் ஒப்பிட்டுச் சம்பளப் பட்டியலை ஆக்குவார்.

இச்சம்பளப் பட்டியலின் இயல்பினைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். அஃது எந்த ஒரு நிகழ்ச்சியையும் முதன்முதலாகப் பதிவதன்று. வேலைக்கு வந்த செய்தி செக்ரோலுக்கு உரியது. பாலின் நிறை நிறுவைப் புத்தகத்துக்கு உரியது. கடன் கடன் புத்தகத்துக்கு உரியது. இம்மூன்றிலிருந்தும் பிறந்ததே சம்பளப் பட்டியல். மூலப் புத்தகத்தில் பிழையிருப்பின் பட்டியலிலும் பிழை இருக்கும். மூலப் புத்தகங்கள் சரியாயிருந்து, இணைத்தவர் தவறினும் பட்டியல் பிழைபடும். காட்சியின் இயல்பும் இதுவே.

அட்டவணைகளை ஏன் பிரித்தல் வேண்டும்?

'பின்னர்ச் சேர்க்கத்தானே போகிறோம்; தொடக்கத்திலேயே யாவற்றையும் ஒரே பெரும் புத்தகத்தில் எழுதினால் என்ன?' என்ற வினா எழுதல் இயல்பே. அவ்வாறு எழுதின், ஒரு தொழிலாளியின் பெயர், லயத்தின் எண், பிறந்த நாள் ஆகியவற்றை அவர் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளும் மீண்டும் மீண்டும் எழுதல் நேரும். மாதத்தில் 24 நாள் வந்தவரின் பெயர் 24 முறை வரும். அவர் வேறு லயத்துக்குக் குடிபெயர்ந்தால் 24 இடங்களில் திருத்த வேண்டும். 23 இடங்களில் திருத்தி ஓரிடத்தை விட்டுவிட்டால், அதன்பின் எது மெய் என்று கூறுதல் அரிதாகிவிடும்.

ஆகவே, ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே இருத்தல் வேண்டும் என்பது தரவுத்தளக் கலையின் முதல் விதி. ஆளைப் பற்றியது ஆள் அட்டவணையில். நாளைப் பற்றியது நாள் அட்டவணையில். கடனைப் பற்றியது கடன் அட்டவணையில். இவற்றிடையே உறவைக் காட்டுவது ஒரு பொது எண். அவ்வெண் எல்லா அட்டவணைகளிலும் ஒரே ஆளைக் குறித்தல் வேண்டும். அதனைத் திறவுகோல் என்பர்.

இவ்விதிகளுக்குக் கணித அடிப்படை வகுத்தவர் எட்கர் காட் என்னும் அறிஞர். இங்கிலாந்தில் 1923இல் பிறந்த இவர், அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அந்நாளைய தரவுத்தளங்களில் ஒரு செய்தியைப் பெற, அச்செய்தி எங்கே, எவ்வழியே சேமிக்கப்பட்டுள்ளது என்பதை நிரலர் அறிந்திருக்க வேண்டியிருந்தது. 1970இல் காட் வெளியிட்ட ஆய்வுரை இதனை மாற்றியது. தரவுகளை எளிய அட்டவணைகளாகக் கருதுக. எது வேண்டும் என்று மட்டும் கேட்க. எவ்வழியே எடுப்பது என்பதை எந்திரமே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். 1974இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் ஆகிய இருவரும் இக்கருத்தினை ஒட்டி ஒரு வினவல் மொழியை அமைத்தனர். அதுவே இன்று உலகெங்கும் வழங்கும் எஸ்.கியூ.எல். மொழியாயிற்று. காட் 1981இல் கணினித் துறையின் தலைசிறந்த விருதாகிய டியூரிங் விருதினைப் பெற்றார்.

காட்சி என்பது யாது?

அட்டவணைகளை இணைக்கும் வினாவினை ஒரு பெயரிட்டுச் சேமித்து வைத்தால் அதுவே காட்சி. இங்கே நுட்பம் ஒன்றுண்டு. சேமிக்கப்படுவது விடையன்று, வினாவே. 'சம்பளக் காட்சி' என்று ஒன்றை அமைத்தால், அதனுள் தொழிலாளரின் பெயரோ தொகையோ தங்கியிருப்பதில்லை. யாரேனும் அதனைத் திறக்கும்போதெல்லாம் கணினி மூல அட்டவணைகளுக்குச் சென்று, அந்த நேரத்தில் உள்ள தரவுகளை எடுத்துக் கோத்துக் காட்டுகிறது. வீட்டுப் பலகணி தோட்டத்தைத் தன்னுள் அடக்கி வைத்திருப்பதில்லை, தோட்டத்தைக் காட்டுகிறது. காட்சியும் அத்தகையதே.

இதனால் விளையும் நன்மை பெரிது. கிராணியார் கையால் எழுதிய பட்டியல் எழுதிய நாளோடு நின்றுவிடும். மறுநாள் செக்ரோலில் ஒரு திருத்தம் நேர்ந்தால் பட்டியல் அதனை அறியாது. காட்சியோ மூலத்தில் நேர்ந்த திருத்தத்தை அடுத்த முறை திறக்கும்போதே காட்டிவிடும். தரவுகள் மிகப் பலவாயின் ஒவ்வொரு முறையும் கோத்துத் தருதல் காலம் பிடிக்கும் என்பதால், விடையையும் சேர்த்துச் சேமிக்கும் ஒரு வகை உண்டு. அது பலகணியன்று, நிழற்படமே. நிழற்படத்தைப் பார்ப்பவர் அஃது எந்நாளில் எடுக்கப்பட்டது என்று கேட்டறிதல் வேண்டும்.

மற்றொரு நன்மையும் உளது. பலகணியின் அளவைச் சுருக்கலாம். வகுப்பாசிரியர்க்கு மாணவரின் பெயரும் வருகையும் வேண்டும். பெற்றோரின் வருமானம் வேண்டுவதில்லை. மூல அட்டவணைகளைத் திறந்துவிடாமல், வேண்டிய நிரல்களை மட்டும் காட்டும் காட்சியை அவர்க்கு அளித்தால் கடமையும் நடக்கும், மறைபொருளும் காக்கப்படும்.

ஆயினும், காட்சியின் வழியே எழுதுதல் எப்போதும் இயல்வதன்று. சம்பளக் காட்சியில் 'மொத்த நாட்கள் 24' என்று தோன்றுகிறது. அதனை 25 என்று மாற்ற முயன்றால், எந்த நாளின் வருகையைக் கூட்டுவது என்று கணினிக்குத் தெரியாது. பலவற்றின் கூட்டலாய்ப் பிறந்ததைத் திருத்த வேண்டின் மூலத்துக்கே செல்லல் வேண்டும். பட்டியலில் தம் பெயர் பிழையாயுள்ளதென்று முறையிடுவோரும் இதனை நினைவிற் கொள்ளல் நலம். பட்டியலைத் திருத்துவதால் பயன் குறைவு. எந்த மூலப் பதிவில் பிழையுள்ளது என்பதே கேட்கத் தக்க வினா.

ஓசையின்றி மறையும் ஆள்

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையான செய்திக்கு வருவோம். இரண்டு அட்டவணைகளை இணைக்கும் வழிகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று அகவிணைப்பு, மற்றொன்று புறவிணைப்பு.

எடுத்துக்காட்டாக, ஆள் அட்டவணையில் 101 முதல் 105 வரை எண்ணிட்ட ஐந்து தொழிலாளர் உளர் என்க. 103ஆம் எண்ணுக்குரியவர் நோயுற்று அம்மாதம் முழுதும் வேலைக்கு வரவில்லை. ஆகவே, நாள் அட்டவணையில் அவர்க்கு ஒரு வரியும் இல்லை. அகவிணைப்பு என்பது இரண்டு அட்டவணைகளிலும் உள்ளவரை மட்டுமே தரும். ஆதலின் விடையில் நான்கு பேரே வருவர். 103ஆம் எண்ணுக்குரியவர் தம் பெயரோடும் உரிமையோடும் மறைந்துவிடுவார். கணினி எச்சரிக்கை தராது. பிழை என்றும் சொல்லாது. கேட்ட வினாவுக்கு அது சரியான விடையையே தந்தது. வினாதான் தவறானது.

புறவிணைப்பில், ஆள் அட்டவணையை முதன்மையாகக் கொண்டு 'இதிலுள்ளோர் யாவரும் வருக. மற்றதில் பொருந்துவது இருப்பின் சேர்க, இல்லையேல் இடத்தை வெறுமையாக விடுக' என்று கூறுகிறோம். இப்போது ஐந்து பேரும் வருவர். 103ஆம் எண்ணின் எதிரே நாட்களின் கட்டம் வெறுமையாய் நிற்கும். அவ்வெறுமை பார்ப்பவர் கண்ணை உறுத்தும். 'இவர்க்கு என்னாயிற்று?' என்று ஒருவர் கேட்பார். நோய் விடுப்பு ஊதியம் உண்டா என்று மற்றொருவர் தேடுவார். முதல் முறையில் அக்கேள்வியே பிறப்பதற்கு வழியில்லை.

புறவிணைப்பை அமைத்த பின்னும் அதனைக் கெடுக்கும் பிழையொன்று அடிக்கடி நேர்கிறது. விடை முழுதும் உருவான பின்னர், 'நாள் அட்டவணையின் மாதம் அக்டோபராக உள்ள வரிகள் மட்டும்' என்று வடிகட்டுவதே அது. 103ஆம் எண்ணின் வரியில் மாதமும் வெறுமையே. வெறுமை அக்டோபர் ஆகாது. ஆகவே அவர் மீண்டும் விழுந்துவிடுவார். மாத நிபந்தனையை இறுதியில் இடாமல், இணைக்கும் இடத்திலேயே இட்டால் இத்தீங்கு நேராது.

வெறுமை வேறு, சுழி வேறு

வெறுமையைச் சுழி என்று கொள்வது பலரும் செய்யும் தவறு. 'கடன் சுழி' என்றால் கடன் இல்லை என்று பொருள். 'கடன் வெறுமை' என்றால் கடனைப் பற்றிய செய்தி இல்லை என்று பொருள். மாணவன் தேர்வெழுதிச் சுழியம் பெறுதலும், தேர்வுக்கே வாராதிருத்தலும் ஒன்றாகுமா?

கணினி இவ்வேற்றுமையைக் கண்டிப்பாகப் போற்றுகிறது. அறியாத ஒன்றை எதனோடு கூட்டினும் கழிப்பினும் விடையும் அறியாததே என்பது அதன் முறை. ஒருவரின் ஊதியம் 900 வெள்ளி. அவர் முன்பணமே வாங்கவில்லை, ஆதலின் கடன் கட்டம் வெறுமை. ஊதியத்திலிருந்து கடனைக் கழிக்கச் சொன்னால் விடை 900 அன்று; வெறுமையே. கடன் வாங்காத நல்லவரின் கைத்தொகை பட்டியலில் காணாமற்போகும். எனவே, 'கடன் பதிவு இல்லையேல் சுழி எனக் கொள்க' என்று வெளிப்படையாக ஆணையிடல் வேண்டும். ஆனால், எங்கே வெறுமையைச் சுழியாக்கலாம், எங்கே ஆக்கலாகாது என்பதைக் கணினி சொல்லாது. அது மனிதரின் பொறுப்பு. வருமானம் பதிவாகாத குடும்பத்தை 'வருமானமில்லாக் குடும்பம்' என்று கொள்வதும் பிழை. அதனை வேறொரு குடும்பத்தின் வருமானத்தால் நிரப்புவதும் பிழை.

ஒன்று பலவாகப் பெருகும் பிழை

மறைதல் ஒரு குற்றமெனின் பெருகுதல் அதன் மறுபுறம். ஒரு தொழிலாளி அம்மாதம் 24 நாள் வேலை செய்தார். இருமுறை முன்பணம் பெற்றார். முதல் முறை 50 வெள்ளி, மறுமுறை 30 வெள்ளி. நாள் அட்டவணையில் அவர்க்கு 24 வரிகள். கடன் அட்டவணையில் 2 வரிகள். இரண்டையும் அவருடைய எண்ணைக் கொண்டு நேரே இணைத்தால், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கடனோடும் கூடி 48 வரிகள் தோன்றும். அவற்றை எண்ணினால் அவர் 48 நாள் உழைத்தவராவார். கூட்டினால் 80 வெள்ளிக் கடன் 24 மடங்காகி 1,920 வெள்ளியாகும்.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. முதலில் நாட்களைத் தனியே எண்ணி ஆளுக்கு ஒரு வரியாக்குக. கடன்களைத் தனியே கூட்டி ஆளுக்கு ஒரு வரியாக்குக. அதன் பின்னரே இணைக்க. கிராணியாரும் அவ்வாறே ஒவ்வொரு புத்தகத்திலும் அடிக்கூட்டல் போட்டுவிட்டே பட்டியலில் ஏற்றுவார். சிறு எண்களில் இப்பிழை உடனே தெரியும். பல்லாயிரம் பேரின் பட்டியலில் மொத்தத் தொகை சற்றே மிகுந்து தோன்றுமேயன்றிப் பிழை தெரியாது. ஆகவே, இணைத்தற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐந்து பேரில் தொடங்கியது ஐந்து பேரில் முடிந்ததா என்பதே முதற் சோதனை.

பக்கத்தில் சேர்த்தல் ஒருபுறமிருக்க, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தலும் உண்டு. தோட்டத்தின் இரண்டு பிரிவுகளும் தனித்தனிக் கடன் புத்தகம் வைத்திருந்தால், இரண்டையும் அடுக்கி ஒரே பட்டியலாக்கலாம். இதிலும் இரு வகை உள. ஒன்று எல்லா வரிகளையும் வைத்துக்கொள்ளும். மற்றொன்று முற்றிலும் ஒத்த வரிகளை ஒன்றாக்கிவிடும். ஒருவரே ஒரே நாளில் இரு பிரிவுகளிலும் 30 வெள்ளி பெற்றிருந்தால், இரண்டாம் வகையில் 60 வெள்ளி 30 ஆகிவிடும். ஒத்திருப்பதனால் மட்டுமே இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றாகிவிடா.

பெயரைக் கொண்டு இணைக்கலாமா?

இணைப்புக்குத் திறவுகோல் வேண்டும் என்றோம். பெயரே திறவுகோலாகலாகாதா எனின், ஆகாது. இதனை மலேசியத் தமிழரைவிட நன்கு அறிந்தவர் உண்டோ? முனியம்மா என்னும் எளிய பெயரை உரோமன் எழுத்தில் எழுதுவதைக் காண்க. நடுவில் 'எம்' ஒன்றா, இரண்டா? அதற்கு முன் 'ஐ' மட்டுமா, 'ஒய்'யும் உண்டா? இறுதியில் 'எச்' உண்டா, இல்லையா? இம்மூன்று இடங்களில் மட்டும் இவ்விரு வழி உண்டெனினும் எட்டு வடிவங்கள் பிறக்கின்றன. தோட்டத்து அலுவலர் ஒரு வடிவத்தையும், பதிவு அலுவலர் மற்றொன்றையும், பள்ளி வேறொன்றையும் எழுதியிருந்தால், ஒரே அம்மையார் கணினியின் கண்ணில் மூன்று பேர். தந்தை பெயரை இணைக்கும் முறையும் மாறியது. ஒரு காலத்தில் 'எஸ்/ஓ' என்றிருந்த இடத்தில் பின்னர் 'ஏ/எல்' என்று வந்தது.

இதற்கு எதிரான இடரும் உண்டு. ஒரே தோட்டத்தில் கோவிந்தசாமி மகன் ராமசாமி என்று இருவர் இருக்கலாம். பெயரைக் கொண்டு இணைத்தால் ஒருவரின் சேமிப்பு மற்றவர் கணக்கில் தோன்றும். முன்னதில் ஒருவர் பலராகிறார். பின்னதில் இருவர் ஒருவராகின்றனர்.

ஆகையால், அடையாள அட்டை எண்ணே இந்நாட்டில் திறவுகோலாக விளங்குகிறது. மலாயாவில் அடையாள அட்டை 1948இல், அவசரகாலத்தின்போது, நடைமுறைக்கு வந்தது. இப்போதுள்ள 12 இலக்க எண் 1990இல் தொடங்கியது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிக்கும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிக்கும். மலாக்காவுக்கு உரியது 04. இறுதி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். 2001இல் மைகார்டு வந்தபோதும் எண் முறை மாறவில்லை.

1990க்கு முன்னர் வேலைக்குச் சேர்ந்தவர்க்கு வேறொரு சிக்கல் உண்டு. அவர் தொடக்கத்தில் பதிவான எண் பழைய எண். ஊழியர் சேமநிதி 1951இலும், சொக்சோ 1971இலும் தொடங்கியவை. நெடுங்காலம் உழைத்த ஒருவரின் பழைய தாள்களில் பழைய எண்ணும், புதிய தாள்களில் புதிய எண்ணும் இருக்கும். இரண்டையும் அருகருகே காட்டும் இணைப்பட்டவணை ஒன்றிருந்தாலன்றி, முன்னைய உழைப்பும் பின்னைய உழைப்பும் இரு வேறு மனிதருடையனவாகத் தோன்றும்.

எண்ணே இல்லாதவர் நிலை இதனினும் இரங்கத் தக்கது. சூராட் பெரானாக் எனப்படும் பிறப்புப் பத்திரம் இல்லாமையாலோ, பதிவு காலந் தாழ்ந்தமையாலோ அடையாள அட்டை பெறாதவர் இந்நாட்டுத் தமிழரிடையே இருந்து வருதல் நெடுநாளைய துயரம். அவர் பள்ளியிலோ மருத்துவமனையிலோ ஒரு தாளில் இருக்கலாம். ஆனால், அத்தாளை மற்றத் தாள்களோடு பிணைக்கும் எண் இல்லை. எத்துணை வல்ல கணினியும் அவரை எந்தக் காட்சியிலும் கொண்டுவந்து நிறுத்தாது.

நாடளாவிய ஓர் ஏடு

இக்கலையைப் பேரளவில் கையாண்ட முயற்சி மலேசியாவிலேயே நிகழ்ந்தது. பல்வேறு அரசாங்க இலாகாக்களில் பிரிந்து கிடந்த தகவல்களை ஒன்றுசேர்க்கும் 'பாடு' என்னும் முதன்மைத் தரவுத்தளம் 2024 ஜனவரி 2ஆம் நாள் தொடங்கப்பட்டது. குடும்பங்களின் உண்மையான பொருளாதார நிலையை அறிந்து, மானியத்தை உரியவர்க்கே சேர்ப்பிப்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. குடிமக்கள் தம் தகவல்களைத் தாமே சரிபார்த்துத் திருத்த 2024 மார்ச் 31 வரை காலம் தரப்பட்டது.

இவ்வாறு மக்களையே சரிபார்க்கச் சொன்னதில் ஆழ்ந்த பொருள் உண்டு. இலாகாக்களின் ஏடுகள் எத்துணை நிறைந்திருப்பினும், இணைத்தபின் தோன்றும் வடிவம் உண்மையா என்பதை உரியவரே அறிவார். வேலையிழந்தவரின் பழைய வருமானம் ஓர் ஏட்டில் தங்கியிருக்கலாம். மணமாகித் தனிக்குடித்தனம் சென்ற மகள் இன்னும் தந்தையின் முகவரியில் இருக்கலாம். அப்போது இரண்டு குடும்பங்களின் வருமானம் ஒரு குடும்பத்தினதாகத் தோன்றும். மூலத்தில் தனித்தனியே பொய்யில்லை. இணைப்பில் பொய் பிறக்கிறது.

பலவற்றை ஓரிடத்தில் சேர்ப்பதனால் வரும் அச்சமும் உண்டு. சிதறிக் கிடந்தபோது ஒருவர் களவாடினாலும் ஒரு பகுதியே போகும்; சேர்ந்தபோது முழு மனிதரும் வெளிப்படுவார். 'பாடு' தொடங்கிய நாட்களிலேயே அதன் பதிவு முறையிலிருந்த பாதுகாப்புக் குறை சுட்டிக்காட்டப்பட்டுத் திருத்தப்பட்டது. கூட்டரசு இலாகாக்கள் தமக்குள் தரவுகளைப் பகிர்வதை நெறிப்படுத்த 2025ஆம் ஆண்டுத் தரவுப் பகிர்வுச் சட்டமும் இயற்றப்பட்டது. பலகணியைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பது கணினிக் கலையின் வினா மட்டுமன்று, சட்டத்தின் வினாவுமாகும்.

கேட்க வேண்டிய நான்கு வினாக்கள்

பள்ளியாயினும் கோயிலாயினும் கூட்டுறவுச் சங்கமாயினும், பல ஏடுகளைச் சேர்த்து ஒரு பட்டியல் செய்வோர் நான்கு வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது: எந்த ஏட்டை முதன்மையாகக் கொண்டோம்? பணத்தின் ஏட்டில் தொடங்கினால் பணம் பெற்றவர் மட்டுமே வருவர். ஆட்களின் ஏட்டில் தொடங்கினால் பெறாதவரும் வருவர். உதவிப் பட்டியல் எப்போதும் ஆட்களிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இரண்டாவது: எதைக் கொண்டு இணைத்தோம்? பெயரைக் கொண்டாயின் நிறுத்துக, எண்ணைத் தேடுக. எண் கிட்டாதோரைத் தள்ளாது தனிப் பட்டியலில் எழுதிக் கைப்படத் தீர்க்க.

மூன்றாவது: வரிகள் கூடினவா, குறைந்தனவா? இணைத்தற்கு முன்னும் பின்னும் எண்ணுக.

நான்காவது: வெறுமையாய் நிற்கும் கட்டங்கள் எவை, அவற்றின் பொருள் யாது? அவற்றை அழகுக்காக மறைக்கலாகாது. பட்டியலில் மிகுதியும் படிக்கத் தக்கவை அக்கட்டங்களே.

பெற்றோர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரும், அடையாள அட்டையில் உள்ள பெயரும், பள்ளி ஏட்டில் உள்ள பெயரும் எழுத்தோடு எழுத்து ஒத்துள்ளனவா என்று ஒரு மாலைப்பொழுதில் எடுத்துவைத்துப் பார்த்தல் வேண்டும். வேற்றுமை இருப்பின் பிள்ளை இளையதாய் இருக்கும்போதே தேசியப் பதிவு இலாகாவை நாடித் திருத்திக்கொள்ளல் எளிது. தோட்டத்தை விட்டு மஸ்ஜித் தானா போன்ற சிற்றூர்களின் தாமான்களுக்கும் நகரங்களுக்கும் குடிபெயர்ந்தோர் முகவரியை மாற்றிப் பதிதலும் வேண்டும். குடும்பத்து முதியோரின் பழைய அட்டை, சேமநிதித் தாள், சம்பளச் சீட்டு ஆகியவற்றை எறிந்துவிடலாகாது. பழைய எண்ணைப் புதிய எண்ணோடு பிணைக்கும் சான்று அவற்றில்தான் இருக்கும்.

அட்டவணைகளை இணைக்கும் கலை பெரும் ஆற்றலுடையது. ஆனால், அஃது இல்லாததை உண்டாக்குவதில்லை. எழுதப்படாதவரை எழுதுவதும் இல்லை. ஏட்டில் உள்ளதை, நாம் பிணைத்த முறையிலேயே காட்டுவது அதன் தொழில். ஏட்டில் ஏறாத மனிதரைத் தேடிச் சென்று ஏற்றுவதும், வெறுமையாய் நிற்கும் கட்டத்தைக் கண்டு 'இவர் எங்கே?' என்று கேட்பதும் மனிதரின் தொழில். அதனைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு அமைதல் தகாது.